சேச்சுரேஷன் 97, மூச்சு 7: ஐசியு இரவு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ள மருத்துவமனையின் 12 படுக்கை ஐசியுவில் நடந்தது இது: அறுவை சிகிச்சை முடிந்த ஒருவரின் மூச்சு குறைந்ததை நாங்கள் தாமதமாகக் கவனித்தோம். அன்றிரவு பணியில் இருந்த மருத்துவர் நான். நோயாளியிடமும் அவருடைய மகளிடமும் அனுமதி பெற்றே எழுதுகிறேன். பெயர், ஊர், தேதி ஆகியவற்றைத் தவிர்த்திருக்கிறேன். செவிலியர் யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தவறு நடந்த மூன்று மணி நேரமும் பொறுப்பில் இருந்தவன் நான்தான். மானிட்டரை இரண்டு முறை பார்த்துவிட்டு நகர்ந்தவனும் நான்தான்.

பின்னணி

நோயாளிக்கு வயது 68. எடை 84 கிலோ, உயரம் குறைவு, கழுத்து குட்டை. பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தது, கிரியாட்டினின் 2.1. குடல் அடைப்புக்காக அன்று மாலை வயிற்றைத் திறந்து அவசர அறுவை சிகிச்சை செய்தார்கள். அது சிக்கலில்லாமல் முடிந்தது. மூச்சுக்காகத் தொண்டை வழியே போட்டிருந்த குழாயைத் தியேட்டரிலேயே எடுத்துவிட்டு, இரவு 9.40-க்கு ஐசியுவுக்கு அனுப்பினார்கள். வரும்போது விழிப்பாக இருந்தார். கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னார். வயிறு வலிக்கிறது என்றார்.

தியேட்டரில் 6 மி.கி. மார்ஃபின் கொடுத்திருந்தார்கள். ஐசியுவில் இரவு 10.15-க்கு 3 மி.கி., 12.20-க்கு இன்னொரு 3 மி.கி. கொடுத்தோம். 12.40-க்குக் குமட்டல் என்றதால் ப்ரோமெதசின் 12.5 மி.கி. ஊசி போடச் சொன்னேன். மூக்குக் குழாய் வழியாக நிமிடத்துக்கு 4 லிட்டர் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது. இந்த மருந்து அளவுகள் தனித்தனியே பார்த்தால் எவருக்கும் அதிகமாகத் தோன்றாது. ஆனால் மார்ஃபின் உடலில் உடைந்து உண்டாகும் பொருள்களில் ஒன்று மார்ஃபினைப் போலவே மூச்சை அடக்கக்கூடியது. அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். இவருக்கு அப்போது மணிக்கு 20 மி.லி. சிறுநீர்தான் வந்துகொண்டிருந்தது. ப்ரோமெதசினும் தூக்கம் தரும் மருந்து. மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

இன்னொரு செய்தியும் எங்கள் கைக்கு வந்து நழுவிப் போனது. மாலையில் சேர்க்கும்போதே மகள் சொல்லியிருக்கிறார்: "அம்மா தூங்கினால் பயங்கரமாகக் குறட்டை விடுவார்கள். நடுநடுவே மூச்சே நின்றுவிடும். தட்டி எழுப்புவேன்." இதைக் கேட்டவருக்கு நினைவிருக்கிறது. கேஸ் ஷீட்டில் யாரும் எழுதவில்லை.

நள்ளிரவு முதல் 2.50 வரை

ஒரு மணிக்கு நோயாளி தூங்கிவிட்டார். குறட்டைச் சத்தம் நாலு படுக்கை தள்ளிக் கேட்டது. வலி அடங்கி நன்றாகத் தூங்குகிறார் என்று எங்கள் எல்லோருக்குமே ஒரு நிம்மதி. மணிக்கொரு முறை எழுதப்பட்ட குறிப்பு இப்படி இருந்தது: ஒரு மணிக்கு நாடி 84, ரத்த அழுத்தம் 146/80, சேச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கும் சதவீதம்) 98, மூச்சு நிமிடத்துக்கு 16. இரண்டு மணிக்கு நாடி 88, ரத்த அழுத்தம் 152/84, சேச்சுரேஷன் 97, மூச்சு 16. நினைவுநிலை என்ற கட்டத்தில் இரண்டு முறையும் "தூங்குகிறார்" என்று எழுதப்பட்டிருந்தது.

2.50-க்கு மூத்த செவிலியர் ஒருவர் சிறுநீர்ப் பையை அளக்க அந்தப் படுக்கைக்கு வந்தார். குனிந்திருந்தவர் குறட்டை நின்றதைக் கவனித்து நிமிர்ந்தார். மார்பு ஏறியது, அதே நேரத்தில் வயிறு உள்ளே போனது. பிறகு வயிறு ஏறியது, மார்பு இறங்கியது. சத்தம் இல்லை. புறங்கையை மூக்குக்கும் வாய்க்கும் அருகில் வைத்துப் பார்த்தார், காற்று படவில்லை. சில நொடிகள் கழித்து ஒரு பெரிய உறுமலுடன் மூச்சு வெளியே வந்தது. கையை எடுக்காமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணினார். கையில் காற்று பட்டது ஏழு முறை. மானிட்டரில் அப்போதும் 16 என்றே இருந்தது.

"சார், மானிட்டர் சொல்வது சரியில்லை. இந்த அம்மாவுக்கு மூச்சு ஏழுதான் வருகிறது" என்று கூப்பிட்டார். இன்றும் அந்த வாக்கியம் அப்படியே நினைவில் இருக்கிறது.

நான் போனபோது கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. தோளை அழுத்தியதும் முனகிவிட்டு மறுபடி அமிழ்ந்துபோனார். இரண்டு கண்மணிகளும் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தன. உள்ளங்கை சூடாகவும் ஈரமாகவும் இருந்தது.

உடலைத் துளைக்காத மூச்சுக் கண்காணிப்பு அன்று எங்களுக்குச் சொன்னதும் சொல்லாததும்

ஐசியு மானிட்டரில் மூச்சு எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது என்பதைப் புதிதாக வேலைக்குச் சேருபவர்களிடம் நான் கேட்பதுண்டு. பலருக்குத் தெரிவதில்லை. அதற்கெனத் தனிக் கருவி கிடையாது. ஈசிஜிக்காக மார்பில் ஒட்டிய அதே எலெக்ட்ரோடுகளுக்கு இடையே, உணர முடியாத அளவு மெல்லிய மின்னோட்டத்தை மானிட்டர் செலுத்துகிறது. மூச்சு உள்ளே போகும்போது நெஞ்சின் மின்தடை கூடும், வெளியே வரும்போது குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை அலையாக வரைந்து, அலைகளை எண்ணித்தான் எண் காட்டுகிறது. ஆக, அது எண்ணுவது நெஞ்சின் அசைவை. தொண்டை அடைத்துக்கொண்டு காற்று துளியும் போகாதபோதும் நெஞ்சு முயன்றுகொண்டே இருந்தால் மானிட்டருக்கு அது மூச்சுதான். போதாக்குறைக்கு, இதயம் துடிக்கும்போது எழும் சிறு அலையையும் சில வேளை மூச்சாக எண்ணிவிடும். மறுநாள் அந்த நேரத்து அலைப்பதிவை எடுத்துப் பார்த்தபோது இரண்டுமே இருந்தன: பெரிய அலைகள் சில, நடுவே அடைபட்ட முயற்சிகள், இன்னும் நடுவே நாடியோடு ஒத்துப்போகும் சிற்றலைகள்.

சேச்சுரேஷன் காட்டும் விரல் கிளிப் வேறு கேள்விக்கு விடை சொல்லும் கருவி. ஜப்பானில் டகுவோ அவோயாகி 1970-களில் கண்டுபிடித்த தத்துவத்தில் இயங்கும் அந்தக் கருவி எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் அது அளப்பது ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறதா என்பதை மட்டும்தான். கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறதா என்பது அதற்குத் தெரியாது. வெளியிலிருந்து ஆக்சிஜன் கொடுக்கும்போது இந்த இரண்டும் எவ்வளவு தூரம் விலகிப்போகும் என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

2.58-க்கு எடுத்த ஏபிஜியில் (தமனி ரத்தத்தில் வாயுக்களை அளக்கும் பரிசோதனை) கார்பன் டை ஆக்சைடு 78 மி.மீ. பாதரசம், ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் 7.14, பைகார்பனேட் 26, ஆக்சிஜன் 112. காற்றழுத்தம் 760, அதில் நீராவியின் பங்கு 47-ஐக் கழித்தால் 713. நான்கு லிட்டர் ஆக்சிஜனில் அவர் உள்ளிழுத்த காற்றில் சுமார் 36 சதவீதம் ஆக்சிஜன் என்று கொண்டால் 257. கார்பன் டை ஆக்சைடு 78-ஐ 0.8-ஆல் (உடல் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடுக்கும் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம்) வகுத்தால் ஏறத்தாழ 97. அதைக் கழித்தால் நுரையீரல் அறைகளில் ஆக்சிஜன் 160. சேச்சுரேஷன் 97 நிற்பதற்கு அது தாராளம். அதே நோயாளி, அதே மோசமான மூச்சு, ஆனால் சாதாரணக் காற்று என்றால்? 713-இல் 21 சதவீதமான 150-இல் 97 போக மிச்சம் 53. சேச்சுரேஷன் 90-க்கு வெகு கீழே போயிருக்கும். அலாரம் எப்போதோ அலறியிருக்கும். நாங்கள் கொடுத்த ஆக்சிஜன்தான் எங்கள் அலாரத்தின் வாயை அடைத்திருந்தது.

நாடி, மூச்சு, நினைவுநிலை போன்றவற்றுக்குப் புள்ளி போட்டுக் கூட்டும், நியூஸ் (NEWS) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் எச்சரிக்கை மதிப்பெண்ணையும் திரும்பக் கணக்கிட்டேன். இரண்டு மணிக் குறிப்பின்படி ஆக்சிஜன் கொடுப்பதற்கான 2 மதிப்பெண் மட்டுமே. மூச்சு 7 என்றும், நினைவு மங்கியிருக்கிறது என்றும் எழுதியிருந்தால் தலா 3 சேர்ந்து 8. ஏழைத் தொட்டாலே அவசர நிலை. ஓர் எண்ணும் ஒரு சொல்லும்தான் தவறாக இருந்தன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் வேலை காற்றுவழியைத் திறப்பது. தாடையை முன்னே தூக்கிப் பிடித்தேன். படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள். குறட்டை நின்று காற்று சீராகப் போனது. ஆனாலும் எண்ணிக்கை ஏழு, எட்டைத் தாண்டவில்லை. ஆகவே அடைப்பு மட்டும் காரணமல்ல, மூச்சை இயக்கும் மூளைப்பகுதியே அடங்கியிருக்கிறது என்பது தெளிவானது.

வேறு காரணங்களையும் பார்க்க வேண்டியிருந்தது. விரல் நுனியில் குத்திப் பார்த்த சர்க்கரை 142. தட்டி எழுப்பினால் இரு கைகளாலும் ஒரே அளவு இறுக்கிப் பிடித்தார். அதை விடாமலும் வைத்திருந்தார். பக்கவாதத்துக்கோ, அறுவை சிகிச்சையின்போது கொடுத்த தசைத்தளர்வு மருந்து உடலில் மிச்சம் இருப்பதற்கோ அது பொருந்தவில்லை. சுருங்கிய கண்மணியும் குறைந்த மூச்சும் மார்ஃபினையே சுட்டின.

மறுபடி குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைப்பதா என்ற கேள்வி எழுந்தது. மார்ஃபினின் வேலையை முறிக்கும் மருந்து கையில் இருக்கும்போது, எடையும் கழுத்தும் இப்படி உள்ள ஒருவருக்கு நள்ளிரவில் அதைத் தொடங்க நான் விரும்பவில்லை. ஆனால் எல்லாப் பொருள்களையும் தலைமாட்டில் எடுத்து வைத்தோம். முகமூடி வழியாக அழுத்தக் காற்று கொடுப்பதையும் தவிர்த்தேன். அப்போதுதான் குடலைத் தைத்திருக்கிறார்கள், வயிறு உப்பியிருக்கிறது, நினைவு மங்கியிருக்கிறது. வாந்தி வந்தால் நேரே நுரையீரலுக்குப் போகும்.

அந்த முறிமருந்தான நலோக்ஸோனின் 400 மைக்ரோகிராம் ஆம்பூல் (சிறு மருந்துக் குப்பி) ஒன்றை உப்புநீரில் 10 மி.லி.யாகக் கலந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு மி.லி. வீதம் கொடுத்தோம். முழு ஆம்பூலையும் ஒரேயடியாகக் கொடுத்திருந்தால் வலி முழு வேகத்தில் திரும்பி, ரத்த அழுத்தம் எகிறியிருக்கும். மூன்றாவது மி.லி.க்குப் பிறகு கண் திறந்தார். "தண்ணீர் வேண்டும்" என்றார். மூச்சு 13. மொத்தம் 120 மைக்ரோகிராம் தேவைப்பட்டது.

கேப்னோகிராஃப் வந்த பிறகு

வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அகச்சிவப்பு ஒளியால் அளந்து அலையாகக் காட்டும் கேப்னோகிராஃப் ஒன்று எங்கள் பிரிவில் இருந்தது. மூச்சுக்குழாய் போடும் நேரத்தில் எடுப்போம். மற்ற நேரத்தில் அலமாரியில் இருக்கும். குழாய் இல்லாத நோயாளிக்கும் மூக்கில் மாட்டி மூச்சுக்காற்றின் மாதிரியை எடுக்கும் மாதிரிக்குழல் உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டிய அந்தக் குழலின் விலை நோயாளியின் பில்லில் ஏறும் என்பதால் அதை எடுக்கத் தயங்குவது வழக்கமாகிவிட்டது. அன்று 3.10-க்கு அதை மாட்டினோம்.

திரையில் முதலில் வந்த எண் 39. கூட இருந்த இளம் மருத்துவர் முகம் மலர்ந்து, "சார், நார்மல்!" என்றார். இயல்பான அளவு 35 முதல் 45 என்பது சரிதான். ஆனால் பன்னிரண்டு நிமிடம் முன்பு ரத்தத்தில் 78 இருந்தது. "ஆழமாக மூச்சை இழுத்து முழுசாக விடுங்கள் அம்மா" என்றேன். விட்டார். எண் 66-க்குத் தாவியது. அடுத்த மூச்சுகளில் மறுபடி நாற்பதுகளுக்கு இறங்கியது.

இதில் கருவியின் பிழை ஒன்றும் இல்லை. மேலோட்டமான மூச்சில் தொண்டையிலும் கிளைக்குழாய்களிலும் தங்கிய காற்றுதான் பெரும்பாலும் வெளியே வரும். நுரையீரலின் ஆழத்துக் காற்று மாதிரிக்குழலை எட்டாது. கூடவே அதே மூக்கில் ஓடும் ஆக்சிஜன் அதை நீர்க்கச் செய்யும். வாயால் மூச்சு விடுபவருக்கு இன்னும் குறையும். குழாய் போடாத நோயாளியிடம் இந்தக் கருவியின் எண் குறைவாக இருக்கிறது என்று நிம்மதி அடையக் கூடாது. அதிகமாக இருந்தால் அதை நம்பலாம். உண்மையில் அதன் பலம் எண்ணில் இல்லை, அலையில் இருக்கிறது. காற்று வெளியே வந்தால் மட்டுமே அலை எழும். நெஞ்சு எவ்வளவு குலுங்கினாலும் காற்று வராவிட்டால் கோடு தரையோடு தரையாக ஓடும்.

3.50-க்கு அதுவே நடந்தது. நலோக்ஸோனின் வேலை மார்ஃபினுக்கு முன்பே தீர்ந்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். எப்போது தீரும் என்பதுதான் ஒவ்வொருவருக்கும் வேறுபடும். அலைகள் தள்ளித் தள்ளி வரத் தொடங்கின. நிமிடத்துக்கு எட்டு. பிறகு ஒரு நீண்ட தட்டைக் கோடு. இருபது நொடி ஆனதும் அலாரம் அடித்தது. அந்த நேரத்தில் விரல் கிளிப் காட்டியது 98. மார்பு மானிட்டர் காட்டியது 14. மூன்று கருவிகளும் ஒரே திரைக்கட்டில், கைநீளத் தொலைவில் இருந்தன. அலாரம் அடித்தது ஒன்றில் மட்டும்.

மீண்டும் 40 மைக்ரோகிராம் கொடுத்துவிட்டு, முதலில் பலன் தந்த 120-இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது மணிக்கு 80 மைக்ரோகிராம், பம்ப் மூலம் தொடர்ந்து செலுத்தினோம். ஆக்சிஜனை 4 லிட்டரிலிருந்து படிப்படியாக 1 லிட்டருக்குக் குறைத்தோம். சேச்சுரேஷன் 95-இல் நின்றது. இதை எல்லோருக்கும் செய்யலாம் என்று சொல்லவில்லை. ஆக்சிஜன் தேவைப்படுபவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். இவருக்கு முதலிலிருந்தே 4 லிட்டர் தேவைப்படவில்லை. தியேட்டரிலிருந்து வரும்போது வைத்த அளவை யாரும் தொடவில்லை என்பதே உண்மை.

விளைவு

4.45-க்கு கார்பன் டை ஆக்சைடு 58, பிஹெச் 7.25. காலை எட்டு மணிக்கு 44, பிஹெச் 7.36. வலிக்குப் பாராசிட்டமால் ஒரு கிராம் ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தோம். மயக்கவியல் நிபுணர் விடியற்காலையில் வந்து வயிற்றுச் சுவரை மரத்துப்போகச் செய்யும் ஊசியைப் போட்டார்; அதன் பிறகு மார்ஃபின் தேவைப்படவே இல்லை. நண்பகலில் நலோக்ஸோன் பம்ப்பை நிறுத்தினோம். கேப்னோகிராஃபை மறுநாள் காலை வரை கழற்றவில்லை. மூன்றாம் நாள் வார்டுக்கும், பதினோராம் நாள் வீட்டுக்கும் போனார்.

அன்று காலையே மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். மூச்சு குறைந்ததை நாங்கள் தாமதமாகக் கவனித்தோம் என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நான் சொன்னேனே டாக்டர்" என்று மட்டும் சொன்னார். சற்று நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

மாற்றியவை, மாற வேண்டியவை

குறிப்புத் தாளில் "தூங்குகிறார்" என்ற சொல்லை நீக்கிவிட்டோம். மார்ஃபின் வகை மருந்து கொடுத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்தார் என்பதை எழுத வேண்டும்: உடனே பதில் சொன்னாரா, பாதிப் பேச்சில் அமிழ்ந்தாரா, தொட்டால்தான் விழித்தாரா. தூக்கத்தைக் கலைக்கிறோமே என்று சில செவிலியர்களுக்கு வருத்தம். அது நியாயமான வருத்தம்தான். நோயாளிக்குத் தூக்கமும் மருந்து. ஊசி போட்ட முதல் நான்கு மணி நேரத்துக்கு மட்டும் என்று வரையறுத்திருக்கிறோம்.

மூச்சுக்கு இப்போது இரண்டு கட்டங்கள். ஒன்றில் மானிட்டர் எண். மற்றதில் ஒரு முழு நிமிடம் கண்ணால் பார்த்தோ கையை வைத்தோ எண்ணியது. இரண்டும் நான்குக்கு மேல் வேறுபட்டால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஆறு நோயாளிக்கு ஒரு செவிலியர் இருக்கும் இரவில் ஒரு முழு நிமிடம் என்பது சிறிய நேரமல்ல. அதனால் எல்லோருக்கும் வேண்டாம், ஆபத்து உள்ளவர்களுக்கு மட்டும் என்று பட்டியலிட்டோம்: சிறுநீரகக் கோளாறு, அதிக எடை, குறட்டை, மார்ஃபினோடு தூக்க மருந்தும் சேர்த்துப் பெற்றவர்கள். குறட்டையைப் பற்றிய கேள்வி சேர்க்கைப் படிவத்திலேயே அச்சாகிவிட்டது. பதிலை வீட்டாரிடம் கேட்டு எழுத வேண்டும், நோயாளியிடம் அல்ல. தன் குறட்டை யாருக்கும் தெரியாது.

கேப்னோகிராஃப் அலமாரியிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஆனால் அது சுலபமாக நடக்கவில்லை. முதல் வாரங்களில் நோயாளி தலையைத் திருப்பினாலே குழல் விலகி அலாரம் அடித்தது, தண்ணீர் குடித்தால் அடித்தது, பேசினால் அடித்தது. ஒருநாள் காலையில் அலாரத்தை முழுவதும் அணைத்து வைத்திருந்ததைப் பார்த்தேன். யாரையும் கடிந்துகொள்ளவில்லை. குழலைக் காதுக்குப் பின்னால் எப்படிச் சுற்றிப் பொருத்துவது என்பதை அந்த மூத்த செவிலியரே எல்லோருக்கும் செய்து காட்டினார். அலாரம் அடிக்கும் முன் காத்திருக்கும் நொடிகளையும் மாற்றியமைத்தோம். இன்னமும் பொய் அலாரம் வருகிறது. கருவி ஒன்றுதான், ஒரே இரவில் இருவருக்குத் தேவைப்பட்டால் யாருக்கு என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது கருவி கேட்டு எழுதியிருக்கிறோம். இன்னும் வரவில்லை.

மருந்துச் சீட்டு எழுதும் விதத்தில் மாற வேண்டியவன் நான். சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபின் எழுதுவதை விட்டுவிட்டேன். மரத்துப்போகும் ஊசியை அறுவை சிகிச்சை முடியும்போதே போட்டுவிடும்படி மயக்கவியல் துறையிடம் கேட்டோம், ஒப்புக்கொண்டார்கள்.

ஆறு வாரம் கழித்து நோயாளி தூக்கப் பரிசோதனைக்கு வந்தார். மணிக்குச் சராசரியாக 34 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. 30-ஐத் தாண்டினாலே கடுமையான வகை. இப்போது இரவில் அழுத்தக் காற்றுக் கருவியோடு தூங்குகிறார். அந்த அறிக்கையின் நகலையும், நலோக்ஸோன் தேவைப்பட்டது என்ற குறிப்பையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மகளிடம் கொடுத்தோம். அடுத்து எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அதை முதலில் நீட்டுங்கள் என்றேன். கைப்பையில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்று காட்டினார்.